அடுத்த வண்டியில் வரவும்

எட்டு பத்துக்கு வந்த வண்டி நிற்கவில்லை. எட்டு பதினெட்டுக்கு வந்ததும் நிற்கவில்லை. ஒண்டிப்புதூர் நிறுத்தத்தின் திரையில் சிந்துஜாவின் பயணி எண்ணுக்கு நேரே 'நான்கு நிமிடம்' என்று இருந்தது 'ஒன்பது' ஆயிற்று, பிறகு 'பதினான்கு'. மூன்றாவது வண்டி அவளைத் தாண்டிப் போனபோது அதன் நெற்றியில் பச்சை எழுத்து ஓடியது: 'இடமில்லை. அடுத்த வண்டியில் வரவும்.' கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். சக்கர நாற்காலிக்கென்று விட்டிருந்த இடத்தில் ஆள் இல்லை. யாரோ ஒரு கட்டைப்பையை வைத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு அவள் கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் இருந்தாக வேண்டும். பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுகளுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. முன்பல் செய்வதில் அவள் கை பேர்போனது. அவள் செய்த பல்லையும் சொந்தப் பல்லையும் பக்கத்தில் வைத்தால் மருத்துவர்களுக்கே சில நேரம் குழம்பும்.

முதுகுத்தண்டில் பிறவியிலேயே கோளாறு. முப்பத்திரண்டு வயதுவரை அவள் டவுன் பஸ் ஏறியதே இல்லை. மூன்று படி. அந்த மூன்று படிதான் கோயமுத்தூரை அவளுக்கு எட்டாத ஊராக வைத்திருந்தது. இரண்டு வருடம் முன்பு பழைய பஸ்கள் போய் 'கதி' நிறுவனத்தின் வண்டிகள் வந்தன. ஓட்டுநர் கிடையாது, கால அட்டவணை கிடையாது. நிறுத்தத்தில் போய் நின்றால் போதும். கேமரா பார்த்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் வண்டி தானே வரும். சக்கர நாற்காலியைப் பார்த்தால் கதவடியிலிருந்து ஒரு சாய்பலகை நாக்கைப்போல் நீண்டு நடைபாதையைத் தொடும். முதல் நாள் காரணமே இல்லாமல் உக்கடத்துக்கும் ஒண்டிப்புதூருக்கும் மூன்று தடவை போய் வந்தாள். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே அழுதாள்.

முதல் ஒரு வருடம் பிரச்சினை இல்லை. பிறகுதான் திரையில் நிமிடங்கள் வளர ஆரம்பித்தன.

அன்றைக்கு ஐந்தாவது வண்டி ஒருவழியாக நின்று, அவள் லேபுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது நாற்பது. முதலாளி பெனடிக்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பல்லடத்துல இருந்து கல்யாண மாப்பிள்ளை வந்து ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார் சிந்து. நாளைக்கு முகூர்த்தம். முன்பல் இல்லாம போட்டோ எடுக்க முடியுமா?"

"வண்டி நிக்கலைங்க சார்."

"இந்த மாசத்துல ஒம்பதாவது தடவை." அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் தப்பாச் சொல்றதா எடுத்துக்காதம்மா. காலை ஷிப்டுக்கு வேற ஆளைப் பாக்கட்டுமா? நீ மத்தியானம் வந்தாப் போதும்."

மத்தியான ஷிப்டில் முன்பல் கிடையாது. பாலிஷ் போடுவதும் பேக் செய்வதும்தான். "இன்னும் பத்து நாள் குடுங்க சார்" என்றாள்.

நிறுவனத்துக்கு அவள் அனுப்பிய புகார்களுக்கெல்லாம் ஒரே பதில் வந்தது: 'எங்கள் வண்டிகள் அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் முழுமையாகப் பயன்படுத்தத்தக்கவை எனச் சான்று பெற்றவை.' அதில் பொய் இல்லை. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. வராததுதான் குறை.

காரணத்தை ஒரு மழைநாள் காட்டிக்கொடுத்தது. நிறுத்தத்துக்குக் கூரை போதாது என்று சிந்துஜா பத்தடி தள்ளியிருந்த டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினாள். ஏற்கெனவே அங்கே ஹபீபுல்லா பாய் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தாறு வயது, நடுக்குவாதம். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். தினமும் காலையில் உக்கடத்தில் கேரம் ஆடும் கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறவர். கை நடுங்குவதால் இப்போது ஆடுவதில்லை, நடுவர் வேலை மட்டும்.

நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பெண் மட்டும் குடையோடு நின்றாள். இரண்டே நிமிடத்தில் வண்டி வந்தது. உள்ளே பாதிக்கு மேல் காலி.

சிந்துஜா பாயின் பக்கம் திரும்பினாள். "பாய், நாம ரெண்டு பேரும் அங்க இல்லாததாலதான் வந்துச்சு."

"மழைல என்னமாச்சும் தோணும்மா."

"நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் டீக்கடை சாவித்திரியை நிறுத்தத்தில் நிற்கவைத்தார்கள். அவள் கையைப் பிசைந்துகொண்டு, "கடையில பால் பொங்குதுடி" என்று கத்தினாள். திரையில் 'ஒரு நிமிடம்' என்று வந்தது. தூரத்துத் திருப்பத்தில் வண்டி தெரிந்தது. "இப்ப வாங்க பாய்" என்றாள் சிந்துஜா, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே. பாய் கடைச்சுவருக்குப் பின்னாலிருந்து நிறுத்தத்தை நோக்கி ஒரு எட்டு வைத்தார், இரண்டாவது எட்டில் கால் ஒட்டிக்கொண்டது. வண்டி வலப்பக்கத் தடத்துக்கு மாறியது. ஒரு சத்தம் இல்லாமல் அவர்களைக் கடந்து போனது. திரையில் 'பதினொன்று'.

பாய் தார்ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைப் பாத்துத்தான் போச்சா?" என்று கேட்டார், யாரிடம் என்றில்லாமல்.

நான்கு நாள் எடுத்த படங்களை சிந்துஜா இணையத்தில் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு இளைஞன் டீக்கடைக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். பெயர் நவநீத். கதி நிறுவனத்தில் வண்டிகளுக்குப் பாதை பிரித்துக்கொடுக்கும் மென்பொருளைக் கவனிக்கும் பொறியாளர். தூக்கமில்லாத கண்கள்.

"ஆபீஸ்ல இருந்து அனுப்பலைங்க்கா. நானாத்தான் வந்தேன்."

"நிக்கக் கூடாதுன்னு எழுதினது நீங்கதானா?"

"அப்படி யாரும் எழுதலைங்க்கா. நாங்க வண்டிக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பயணிங்க திருப்தியா இருக்கோணும். எப்படின்னு அதுவே கத்துக்கட்டும்னு விட்டுட்டோம். இறங்கினதும் ஆப் கேக்குமில்ல, 'இன்றைய பயணம் எப்படி இருந்தது'ன்னு? அந்த அஞ்சு ஸ்டார்ல இருந்துதான் கத்துக்குது."

"அதுக்கும் எனக்கும் என்ன?"

"பலகை வெளிய வரோணும், நீங்க ஏறோணும், பெல்ட் மாட்டோணும், பலகை உள்ள போகோணும். ஒண்ணரை நிமிசம். பாய் ஏறினா ரெண்டரை ஆயிருது. அன்னிக்கு உள்ள இருக்கறவங்க போடற ஸ்டார் கொறையுது. வண்டிக்கு நீங்க யாருன்னு தெரியாது. இந்த மாதிரி உருவம், இந்த மாதிரி நடை நிறுத்தத்துல நின்னா ஸ்டார் கொறையும்னு மட்டும் தெரியும். அடுத்த வண்டி ஏத்திக்கட்டும்னு விட்டுருது."

"அடுத்த வண்டியும் அப்படித்தானே நெனைக்கும்?"

நவநீத் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "ஆமாங்க்கா. ஆனா ஒரு தடவைக்குன்னு பாத்தா அது தப்புன்னு காட்டறது கஷ்டம். உள்ள நாப்பது பேர். ஆளுக்கு ஒண்ணரை நிமிசம்னா அறுபது நிமிசம். நீங்க காத்திருக்கறது எட்டோ ஒம்பதோ. கணக்கு சரியாத்தான் வருது."

"ஒவ்வொரு தடவையும் கணக்கு சரி. ஒவ்வொரு தடவையும் நிக்கறது நான். அது எந்தக் கணக்குல வருது தம்பி?"

நவநீத் டம்ளரைக் கீழே வைத்தான்.

"யாரு போட்டாங்க அந்தக் கொறைச்ச ஸ்டாரையெல்லாம்? பேரைக் காட்டுங்க."

"மத்தவங்களுது காட்டக் கூடாதுங்க்கா. உங்களுது வேணா உங்களுக்குக் காட்டலாம்."

"காட்டுங்களேன். நான் எப்பவும் அஞ்சுதான்."

கையளவுத் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஐந்து, ஐந்து, ஐந்து. அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். போன வருடம் ஆகஸ்ட் பதினொன்றில் விரல் நின்றது. இரண்டு. காரணம்: தாமதம். கீழே சின்ன எழுத்தில் வண்டியின் குறிப்பு இருந்தது. 'ஒண்டிப்புதூர் நிறுத்தம். ஏறியவர் ஆண், அறுபது வயதுக்கு மேல், நடை தடைபடுபவர். எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.'

அவளுக்கு நினைவு வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம். பெல்ட் மாட்டி உட்கார்ந்தாயிற்று. பின்னால் யாரோ கம்பியைப் பிடித்தபடி ஏறாமலும் இறங்காமலும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசியில் மணியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இறங்கியதும் விரல் தானாகப் போய் இரண்டில் பட்டது.

டீக்கடைப் பெஞ்சில் பாய், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நவநீத்தும் அந்தப் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரையை மூடினான்.

"உங்க எண்ணுக்கு நேரா ஒரு குறி போட்டுர்றேங்க்கா" என்றான் தணிந்த குரலில். "நாளையில இருந்து உங்களுக்கு வண்டி நிக்கும். இப்போதைக்கு என்னால முடிஞ்சது அதான்."

"பாய்க்கு?"

"அவர் பதிவுல மாற்றுத்திறனாளி அட்டை இல்லையே. அட்டை இருந்தாத்தான் குறி போட முடியும். விண்ணப்பிச்சா ரெண்டு மூணு மாசம் ஆகும்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். பெனடிக்ட் சார் கொடுத்த பத்து நாள் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து வண்டி நின்றது. சாய்பலகை நீண்டது. அவள் ஏறி, பெல்ட் மாட்டி, பலகை உள்ளே போனதும் கதவு மூடும் மணி அடித்தது. பாய் கதவுக்கு இரண்டு எட்டு தூரத்தில் இருந்தார். 'அடுத்த வண்டியில் வரவும்' என்றது ஒரு பெண்குரல், மரியாதையாக.

"நீ போம்மா" என்று அவர் வெளியிலிருந்து கையாட்டினார். "கேரம் போர்டு எங்க ஓடிப் போகுது?"

நான்கு நாள் இப்படியே. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே லேபில் இருந்தாள். பெனடிக்ட் சார் பழையபடி டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவளால் ஒரு பல்லில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் மனதை வைக்க முடியவில்லை. மெழுகைச் செதுக்கும்போது கத்தி நழுவியது. சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலைப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது முதுகுப்பக்கம் யாரோ நின்றுகொண்டே இருப்பதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை பாய் நிறுத்தத்தில் இல்லை.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் சாவித்திரி. "நேத்து பாய் நடந்தே போறேன்னு கெளம்பியிருக்காரு. சிங்காநல்லூர் குளத்துக்கிட்ட கால் நின்னுருச்சு. பின்னால ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடிச்சிருக்கான். பயந்து விழுந்து புருவத்துல ஆறு தையல்."

வண்டி வந்து நின்றது. பலகை நீண்டு அவள் சக்கரத்துக்கு முன்னால் காத்திருந்தது. சிந்துஜா ஏறவில்லை. முப்பது நொடி பார்த்துவிட்டுப் பலகை உள்ளே போயிற்று. அவள் கைப்பேசியில் நவநீத்தைக் கூப்பிட்டாள்.

"என் பேருக்கு நேரா போட்ட குறியை எடுத்துருங்க தம்பி."

"எடுத்தா மறுபடியும் நிக்காதுங்க்கா. உங்க வேலை..."

"தெரியும். எடுத்துட்டு, இதை யார்கிட்டப் போய்ச் சொல்லோணும்னு சொல்லுங்க."

அடுத்த திங்கட்கிழமையே காலை ஷிப்டுக்கு வேறு ஆள் வந்தது. சிந்துஜா மத்தியானம் போய்ப் பாலிஷ் போட்டாள்.

நவநீத் சொன்ன குறைகேட்புக் கூட்டம் அந்த வாரம் வியாழக்கிழமை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் நிறுவனத்தின் தலைமை அதிகாரி சந்திரமதி. எதிரே நூறு பேர் இருக்கும். பாதிப்பேர் வண்டி இப்படியே வேகமாக ஓட வேண்டும் என்று சொல்ல வந்தவர்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிற முகங்கள்.

சந்திரமதி நிதானமாகப் பேசினார். "முன்னாடி இந்த ஊர்ல ஒருத்தர் பஸ்ஸுக்குக் காத்திருந்தது சராசரி இருபத்திரெண்டு நிமிஷம். இப்ப ஆறு. லட்சக்கணக்கான பேருக்கு ஒவ்வொரு நாளும் கிடைக்கற நேரம் அது. சிலருக்குச் சிரமம் இருக்கறது உண்மை. அவங்களுக்குத் தனியா ஒரு வேன் விடலாம்னு இருக்கோம். முந்தின நாளே பதிவு பண்ணிட்டா வீட்டுக்கே வரும்."

கைதட்டல் எழுந்தது. சிந்துஜா ஒலிவாங்கிக்கு முன்னால் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். எழுதிவைத்திருந்த தாளை மடியில் கவிழ்த்தாள்.

"போன வருசம் ஆகஸ்ட் பதினொண்ணாம் தேதி நான் ரெண்டு ஸ்டார் போட்டேன்" என்றாள். "பின்னால ஒருத்தர் ஏற முடியாம நின்னார்னு. அவர் இதோ உக்காந்திருக்கார், புருவத்துல கட்டோட. இத்தனை நாள் டீக்கடையில பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிருக்கோம், அவர்கிட்டச் சொல்லலை. இப்பத்தான் சொல்றேன். மன்னிச்சிருங்க பாய்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள். "வண்டி கெட்டதில்லைங்க. என்னை மாதிரி அவசரத்துல இருக்கறவங்க கத்துக்குடுத்ததைத்தான் செய்யுது. எங்களுக்குத் தனி வேன் வேண்டாம். முந்தின நாளே பதிவு பண்ணிட்டு யாருங்க கேரம் ஆடப் போவாங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள்.

ஹபீபுல்லா பாய் எழுந்தார். எழவே நேரமாயிற்று. மூன்று எட்டு வைத்ததும் பாதம் நின்றது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தரையைப் பார்த்தபடி காத்திருந்தார். ஒலிவாங்கிக்கு வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"இந்தப் பொண்ணு எதுக்கு அழுவுதுன்னு எனக்கு விளங்கலை" என்றார். "ரெண்டு போட்டாளாம். நான் தினமும் ஒண்ணுதான் போட்டேன்."

சந்திரமதி நிமிர்ந்தார். "வண்டி சரியில்லைன்னு போட்டீங்களா?"

"வண்டிக்கு என்னங்க கொறை? தங்கமான வண்டி. 'இன்றைய பயணம் எப்படி இருந்தது'ன்னு போன்ல கேக்கும். எம் பயணத்தைத்தானே கேக்குது? நான் ஏற நேரமாச்சு, அத்தனை பேர் எனக்காகக் காத்திருந்தாங்க. மனசாட்சியோட சொல்லோணுமில்ல? எனக்கு நானே ஒண்ணு போட்டுக்கிட்டேன். நல்லா ஏறின அன்னிக்கு ரெண்டு."

நவநீத் ஓரமாக உட்கார்ந்து திரையில் எதையோ தட்ட ஆரம்பித்தான். பக்கத்திலிருந்த மேலாளர் அவன் தோளைத் தொட்டார். அவன் நிறுத்தவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, எழுந்து நின்றான்.

"ஆரம்பிச்ச ஆறு மாசத்துல வந்த கொறைச்ச ஸ்டார்களைப் பிரிச்சுப் பாத்தேன் மேடம். இதுவரைக்கும் நாங்க அப்படிப் பாத்ததே இல்லை." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மெதுவா ஏறினவங்க வண்டியில இருக்கும்போது மத்தவங்க போட்டதைவிட, மெதுவா ஏறினவங்களே போட்டுக்கிட்டதுதான் அதிகம். நாலாயிரத்து இருநூறு பேர். வண்டி மொதல்ல கத்துக்கிட்டது அவங்ககிட்ட இருந்துதான். இவங்களுக்கு ஏறப் பிடிக்கலைன்னு நெனைச்சிருக்கு."

சிந்துஜா பாயைப் பார்த்தாள். அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்பதுபோல் மேசையில் இருந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரமதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கைதட்டியவர்களில் ஒரு பெண் எழுந்துபோய் பாய்க்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

முடிவு அன்றே வரவில்லை. ஏழு வாரம் ஆயிற்று. நிறுத்தத்தில் யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்குத்தான் முதல் வண்டி, அவர்களை விட்டுவிட்டு எந்த வண்டியும் போகக் கூடாது என்று விதி வந்தது. சராசரிக் காத்திருப்பு ஆறிலிருந்து எட்டு நிமிடமானது. அந்த இரண்டு நிமிடத்துக்காக ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது. பெனடிக்ட் சார் காலை ஷிப்டைத் திருப்பிக் கொடுத்தார், வாரத்தில் மூன்று நாள் மட்டும். நவநீத்தை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

விதி வந்த முதல் நாள் பாய்தான் முதலில் நின்றார். வண்டி வந்து நின்று, அவர் கால் அசையும்வரை கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. உள்ளே யாரோ 'ச்சு' கொட்டினார்கள். பின்னாலிருந்த சிந்துஜாவுக்கு அது நன்றாகவே கேட்டது. அவள் மணி பார்க்கவில்லை.

ராமநாதபுரம் வருவதற்குள் பாய் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இறங்கினதும் இது இன்னும் கேக்குமில்லம்மா. என்ன போடட்டும்?"

"வண்டியைப் பத்தித்தான் கேக்குது பாய். உங்களை இல்லை."

"அப்படியா?" அவர் சுற்றிலும் பார்த்தார். கூரையைப் பார்த்தார், இருக்கையைத் தடவினார், கம்பியை ஆட்டிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஏசி ரொம்பக் குளுருது" என்றார். "மூணு போதும்."